மூன்றாம் நாள் வருகிறவள்

கட்டில்காரம்மா ஒரு வீட்டில் கட்டிலை இறக்கிவிட்டு வந்தால், மூன்றாம் நாள் காலை அந்த வீட்டு வாசலில் நிற்பாள். கையில் ஒரு துணிப்பை இருக்கும். பைக்குள் ஒரு ஸ்பேனர், கிரீஸ் டப்பா, கதவு அகலம் பார்க்கிற அளவு டேப், பழைய துண்டு ஒன்று. யாரும் அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

"நட்டு இறுக்க வந்தேன்" என்பாள்.

அது பொய்யில்லை. நோயாளிக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும். ஆள் படுத்து இரண்டு நாள் ஏற்றி இறக்கினால் அதன் நட்டு கொஞ்சம் இளகிவிடும். மூன்றாம் நாள் கால் சுற்று இறுக்கிவிட்டால் பிறகு மாதக்கணக்கில் அசையாது. ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் போதும். மீதி அரைமணி நேரம் அவள் படுத்திருப்பவரின் குதிகாலைத் தூக்கிப் பார்ப்பாள், இடுப்பெலும்பு மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பாள், விரிப்பில் சுருக்கம் இருந்தால் இழுத்து விடுவாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கும் மகன்களைத் திட்டுவாள்.

ஏன் மூன்றாம் நாள் என்று அவள் கட்டில்களை ஏற்றி இறக்கும் வேன்காரர் ஒருமுறை கேட்டார். "முதல் நாள் என்ன சொன்னாலும் காதுல ஏறாது. ரெண்டாம் நாள் பார்க்க வர்ற கூட்டம். மூணாம் நாள்தான் எல்லாரும் போயிடுவாங்க. வீட்ல ஒருத்தரும் படுக்கையில ஒருத்தரும் மட்டும் இருப்பாங்க. அப்பத்தான் கேள்வி வரும்" என்றாள்.

நல்ல காரணம்தான். ஆனால் வழக்கம் அந்தக் காரணத்தால் ஆரம்பிக்கவில்லை.

அவள் புருஷன் மின்கம்பம் ஏறி வேலை செய்தவர். ஒருநாள் கீழே விழுந்தார். முதுகெலும்பு போயிற்று, எட்டு மாதம் படுக்கை. கைப்பிடி இரண்டு உள்ள கனமான கட்டில் ஒன்றை ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டதிலிருந்து வாங்கிப் போட்டாள். ஒரு கைப்பிடி தலைப்பக்கத்தை எழுப்பும், இன்னொன்று கால்பக்கத்தை. வார்டில் இருந்த ஒரு நர்ஸ், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை எப்படிப் புரட்டுவது, நனைந்த விரிப்பை ஆளைத் தூக்காமல் எப்படி மாற்றுவது என்று நான்கு நாள் கூடவே நின்று பழக்கிவிட்டாள். எட்டு மாதமும் அவர் உடம்பில் ஒரு புண் வரவில்லை. செத்துப்போனது நுரையீரலில் சளி கட்டி.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடம் போகும் முன் அப்பாவுக்குத் தலைப்பக்கம் எழுப்பிவிடுவது அவள் வேலை. எண்ணிக்கொண்டே சுற்றுவாள். ஏழாவது சுற்றில் அந்தக் கட்டில் வயிற்றுவலிக்காரன் மாதிரி ஒரு சத்தம் போடும். ஒவ்வொரு நாளும் அவர் தவறாமல் சொல்வார்: "முனகுறது கட்டில்தான் பாப்பா, நான் இல்ல." ஒவ்வொரு நாளும் மகள் சிரிப்பாள். கடைசி வாரம் அவர் சொல்லவில்லை. கட்டில் மட்டும் முனகியது.

அவர் போன பிறகு கட்டிலை என்ன செய்வதென்று தெரியவில்லை. பழைய இரும்பு எடுக்க வந்தவன்கூட, "இதுலயா போனாரு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டான். இரண்டு மாதம் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு வீடு தள்ளி இருந்த பெரியவர் ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். மனைவிக்கு இடுப்பு முறிந்துவிட்டது, கட்டிலைக் கொஞ்ச நாள் தர முடியுமா, சும்மா வேண்டாம், வாடகையாகவே தருகிறேன் என்றார். கொடுத்தாள்.

மூன்றாம் நாள் வீட்டில் இருக்க முடியவில்லை. அறை வெறிச்சென்று இருந்தது. கட்டிலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். அவ்வளவுதான். போன இடத்தில் அந்தம்மாவின் குதிகால் சிவந்திருந்தது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பெட்பேனைத் தலைகீழாகப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தபோது தொடங்கியது அவள் தொழில்.

*

பதினான்கு வருஷம். ஒன்று இரண்டானது, இரண்டு ஏழானது, ஏழு இருபத்து மூன்றானது. கூடவே சக்கர நாற்காலி, வாக்கர், காற்று மெத்தை. ஒவ்வொரு கட்டிலின் தலைச்சட்டத்திலும் சிவப்புப் பெயின்டில் நம்பர். முதல் கட்டிலுக்கு ஒன்று.

சொல்வது சுலபம். முதல் கடையை ஆறே மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்தவர், காலையில் ஷட்டரைத் தூக்கினால் இந்த மூஞ்சிதான் முதலில் தெரிகிறது என்று புகார் சொன்னார். மூஞ்சி என்றது கட்டிலையா அவளையா என்று அவள் கேட்கவில்லை. அடுத்த இடம் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை கட்டில்களை வீட்டு வராந்தாவில் நிறுத்தி, கை வண்டியில் தானே தள்ளிக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட நீளமான அறை கிடைத்தது. பட்டறைக்காரர்களுக்கு நசுங்கிய கார்கள்தான் தொழில், கட்டில் அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

"நம்ம வேன் திரும்புனா தெருவே ஜன்னலைச் சாத்துது ஓனரம்மா" என்பார் வேன்காரர். "இவ்ளோ விளம்பரம் எவனுக்குக் கிடைக்கும்?"

"நீங்க ஹாரன் அடிக்காம ஓட்டுங்க. அதுக்குத்தான் சாத்துறாங்க."

"ஹாரன் வேலை செஞ்சு மூணு வருஷம் ஆச்சு."

அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கட்டில் காலியாகிவிட்டதா என்று தானாக ஒருநாளும் போன் செய்து கேட்கமாட்டாள். "கட்டில் காலியாச்சானு கேக்குறதும் ஆள் போயாச்சானு கேக்குறதும் ஒண்ணுதான்" என்பாள். அவர்களாகக் கூப்பிடும்போது போவாள். ஆள் எழுந்து நடக்கிறாரா, எழுந்திருக்கவே இல்லையா என்பது வாசலில் கிடக்கும் செருப்புகளின் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். கட்டிலைக் கழற்றிக் கொண்டுவந்து, பிளீச்சிங் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, ஒரு முழுநாள் வெயிலில் வைப்பாள். அவள் கையில் எப்போதும் அந்த வாடை இருக்கும். எந்தச் சோப்புக்கும் அது போகாது.

அந்த வாடைதான் வினையாயிற்று.

மகள் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தாள், அங்கேயே பழகிய பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மாப்பிள்ளை, வாய் அதிகம் பேசாதவன். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். இரண்டாவது தடவை செய்தி வந்தபோது கட்டில்காரம்மா ஒரு வீட்டில் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கை கழுவத் தோன்றவில்லை.

மகளின் நெற்றியில் கை வைத்ததும் மகள் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்தாள்.

"எங்கேர்ந்து வர்றே?"

"ஒரு வீட்லேர்ந்து."

"ஆள் போயாச்சா?"

பதினான்கு வருஷத் தொழிலில் அவள் எத்தனையோ வீட்டில் எத்தனையோ நல்ல பொய் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு வரவில்லை. "ஆமா" என்றாள்.

"அந்தக் கையோட என்னைத் தொடாதே." மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அப்பாவுக்கு அப்புறம் நம்ம வீட்டுக்கு எது வந்துச்சும்மா? எல்லா வீட்டுச் சாவும் நம்ம வீடு வழியாத்தானே போகுது. கடையை மூடு. இல்லேன்னா என் வீட்டுக்கு வராதே."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். சம்பந்தியம்மா, "விடுங்க, வலியில பேசுறா" என்று தோளைத் தொட்டுச் சொன்னாள். வலியில் பேசினாலும் பேச்சு பேச்சுதான்.

மறுநாள் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடலாம் என்றுதான் கடைக்குப் போனாள். பூட்டைக் கையில் எடுத்தபோது போன். ஆறாம் நம்பர் கட்டில் வீட்டுப் பெண். மாமனாரை அசைக்கவே முடியவில்லை, விரிப்பு முழுக்க ஈரம், என்ன செய்வது என்று அழுதாள். "அழுகையை அப்புறம் வச்சுக்கோ. விரிப்பை நீளவாக்குல பாதி சுருட்டு" என்று தொடங்கி, இருபது நிமிடம் போனிலேயே சொல்லி மாற்ற வைத்தாள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஏழாம் நம்பருக்கு அன்று மூன்றாம் நாள். போய்விட்டு வந்தாள். அடுத்த நாளும் யாருக்கோ மூன்றாம் நாள்.

இதில் வீராப்பு ஒன்றும் இல்லை. பல நாள் காலையில் எழுந்திருக்கப் பிடிக்காமல்தான் எழுந்தாள். மகளை விட்டுக்கொடுத்து யாருக்காக இந்தத் தொழில் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் மூன்று நான்கு வீட்டில் நட்டு இளகிக்கொண்டிருக்கும். அதை இறுக்க வேறு ஆள் கிடையாது. பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. மகள் வீட்டுப் பக்கம் அவள் போகவில்லை.

அந்தப் பதினான்கு மாதத்தில்தான் தெருமுக்கில் பெரிய கடை வந்தது. கண்ணாடி முகப்பு, பட்டனை அமுக்கினால் எழும்புகிற கட்டில், யூனிபார்ம் போட்ட ஆட்கள். அவர்கள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லா வீட்டுக்கும் போன் போட்டு, "சார், பெட் ஃப்ரீ ஆயிடுச்சா?" என்று கேட்டார்கள். கேட்டாலும் ஆட்கள் அங்கேதான் போனார்கள். இருபத்து மூன்றில் பதினைந்து கட்டில் அவள் கடைச் சுவரில் செங்குத்தாகச் சாய்ந்து நின்றன.

"வேற தொழில் பார்க்கலாமா ஓனரம்மா?" என்றார் வேன்காரர். "என் வேன்ல எது ஏத்தினாலும் ஏறும்."

"எட்டு கட்டில் வெளியில இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

*

ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய கடை மேனேஜர் அவளுக்கே போன் செய்தார்.

"அக்கா, கால் பக்கமும் தூக்குற மாடல் எதுவும் உங்ககிட்ட இருக்கா? எங்ககிட்ட இருக்கிறது எல்லாம் வெளியில போயிடுச்சு. அவசரம். எங்க பேர்லயே அனுப்பிடுங்க, வாடகை உங்களுக்கு."

"யாருக்கு?"

"ஒரு பொண்ணு, அஞ்சு மாச கர்ப்பம். கால்மாட்டை உயர்த்தி வச்சுப் படுக்கையிலேயே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்களாம்." விலாசம் சொன்னார்.

கட்டில்காரம்மா எழுதிக்கொள்ளவில்லை. மகள் வீட்டு விலாசத்தை எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மகள் மூன்றாவது தடவை உண்டாகியிருப்பதை, தன் பிழைப்பில் பாதியைப் பிடுங்கிக்கொண்டவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது. ஐந்து மாதம். போன தடவை போனதும் ஐந்தில்தான்.

கால் பக்கம் தூக்கும் கட்டில் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒன்றாம் நம்பர்.

"சொல்லிட்டுக் கொடுத்துடுங்க" என்றார் வேன்காரர். "மறைச்சுக் கொடுத்து, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்."

"சொன்னா வாங்கமாட்டா. தலகாணியை அடுக்கி வச்சுப் படுப்பா. முதுகு போயிடும்."

அன்று பகல் முழுக்க அந்தக் கட்டிலோடு மல்லுக்கட்டினாள். பிளீச்சிங் தண்ணீரில் கழுவி, பிறகு வெறும் தண்ணீரில் நான்கு முறை கழுவினாள், வாடை போகவேண்டும் என்று. சிவப்பு நம்பரைச் சுரண்டி எடுத்து, கட்டில் முழுக்கவே வெளிர் நீலப் பெயின்ட் அடித்தாள். புது மெத்தை போட்டாள். நட்டு, வாஷர் எல்லாம் மாற்றினாள். வேன்காரர் வேன் கதவில் எழுதியிருந்த கடைப் பெயர் மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார். மகள் வீட்டில் அவரை யாரும் பார்த்ததில்லை. கட்டில்காரம்மா போகவில்லை.

"எப்படி இருக்கா?"

"மெலிஞ்சிருக்கு. வயிறு தெரியுது. கட்டிலைப் பார்த்துட்டு, கலர் நல்லாயிருக்குன்னுச்சு."

புதன் போயிற்று. வியாழன் மூன்றாம் நாள்.

பெரிய கடையில் யாரும் மூன்றாம் நாள் போகிறவர்கள் இல்லை. புது வாஷர் போட்ட நட்டு முதல் இரண்டு நாளில் நிச்சயம் இளகும். கால்பக்கம் வழுக்கி இறங்கினால் படுத்திருப்பவளின் வயிற்றுக்கு ஓர் அதிர்வு. வேன்காரரை அனுப்பலாம். அவர் நட்டைப் பார்ப்பார், குதிகாலைப் பார்க்கத் தெரியாது. பையை எடுப்பதும் வைப்பதுமாக ஒன்பது மணியாயிற்று. பிறகு கையை முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் திறந்தது சம்பந்தியம்மா. "நீங்களா!"

"நட்டு இறுக்க வந்தேன்."

"அது பெரிய கடைக் கட்டிலாச்சே?"

"அவங்களுக்கும் நான்தான் இறுக்குறேன்."

சம்பந்தியம்மா அவள் பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். வழிவிட்டாள். உள்ளே போய் அடுப்பில் எதையோ வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

மகள் ஜன்னல் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை. கட்டில்காரம்மா தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கடியில் தலையைக் கொடுத்து, ஸ்பேனரை மாட்டினாள். கால்பக்க நட்டு அரைச் சுற்று இளகியிருந்தது. இறுக்கினாள்.

"பெயின்ட் எல்லாம் அடிச்சே" என்றது மேலிருந்து மகளின் குரல். "கிரீஸ் போட மறந்துட்டியே."

கட்டில்காரம்மாவின் கை நின்றது.

"தலைப்பக்கம் தூக்கச் சொன்னேன். அவர் சுத்தினார். ஏழாவது சுத்துல முனகிச்சு."

வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவள் காதுக்கு அது கேட்காமலே போயிருந்தது. எல்லாவற்றையும் மறைத்தவள் அதை மட்டும் விட்டுவிட்டாள். கட்டிலுக்கடியிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள்: "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அத்தைக்கும் தெரியாது."

"அப்பவே திருப்பி அனுப்பியிருக்கலாமே."

"அனுப்பணும்னுதான் நினைச்சேன். மறுநாளும் நினைச்சேன். அப்புறம், மூணாம் நாள் நீ வர்றியா இல்லையானு பார்த்துடலாம்னு படுத்திருந்தேன்."

கட்டில்காரம்மா எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"குதிகாலைக் காட்டு" என்றாள்.

*

அவளுக்குப் பத்தாம் நாள் என்றும் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வீட்டுக்கும் இல்லை, அசையாமல் படுத்திருப்பவர்களுக்கு மட்டும். பத்தாம் நாள் கால்களை அமுக்கிப் பார்ப்பாள்.

மகளின் இடது கெண்டைக்கால் கொஞ்சம் சூடாக இருந்தது. "குடைச்சல் இருக்கு, ரெண்டு நாளா" என்றாள் மகள். கட்டில்காரம்மா பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். வீட்டுக் கதவுகளை அளந்து அளந்து எண்கள் தேய்ந்த இரும்பு டேப் அது. வளைத்துச் சுற்ற வரவில்லை. தையல் டேப் கேட்டு வாங்கி, இரண்டு முழங்காலுக்கும் கீழே ஒரே தூரத்தில் அளந்தாள். வலது முப்பத்து மூன்று சென்டிமீட்டர். இடது முப்பத்தேழு.

"உண்டானவளுக்குக் கால் வீங்கத்தானே செய்யும்?" என்றாள் சம்பந்தியம்மா.

"ரெண்டும் வீங்கினா சரி. ஒண்ணு மட்டும் வீங்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நாளைக்கு எப்படியும் செக்கப்..."

"இப்ப. நடக்க விடாதீங்க, காலைத் தேய்ச்சும் விடாதீங்க. வேன்ல சக்கர நாற்காலி இருக்கு."

காலில் ரத்தம் உறைந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கட்டி கழன்று நுரையீரலுக்கு ஏறியிருக்கும், பெரிய உயிரே போயிருக்கும் என்றார் டாக்டர். கால்மாட்டை உயர்த்தியது போதும், பக்கவாட்டில் படுத்தால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும் என்றார். வேறு டாக்டர். முதல் டாக்டர் சொன்னது ஒன்று, இவர் சொன்னது ஒன்று. யாரோடு சண்டை போடுவது?

தினம் இரண்டு வேளை வயிற்றுத் தோலில் ஊசி. நர்ஸ் சொல்லிக்கொடுக்க வந்தபோது மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போனான். சம்பந்தியம்மா அறையை விட்டே போய்விட்டாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "நீ போடும்மா" என்றாள்.

கட்டில்காரம்மா கையைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் கழுவினாள்.

"போதும், வா" என்றாள் மகள்.

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, ஊசியை நேராக இறக்கினாள். உள்ளே குழந்தை புரண்டது. அவள் உள்ளங்கைக்கு அடியில் அது தெரிந்தது. எட்டு வாரம், காலையும் மாலையும், வேன்காரர் அவளை மகள் வீட்டில் இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டார். இடையில் மற்ற வீடுகளுக்கு மூன்றாம் நாளும் தவறவில்லை.

ஏழாம் மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பனிக்குடம் உடைந்தது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை நாள் இருந்தது. விரல்கள் எல்லாம் சரியாக இருந்தன, நகம்கூட இருந்தது. மூச்சு மட்டும் பற்றவில்லை.

உறைந்த ரத்தம், ஊசி, கட்டில் எதுவும் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். காரணம் என்று ஒன்றைக் காட்டியிருந்தால் அதன் மேல் கோபப்பட்டிருக்கலாம். அதுவும் இல்லாமல் போயிற்று. மகள் முதல் இரண்டு தடவை அழுதமாதிரி அழவில்லை. பால் கட்டிக்கொண்டது. கட்டில்காரம்மா ஈரத்துணியைக் குளிர வைத்து வைத்துக் கட்டிவிட்டாள். செய்வதற்கு அது ஒன்று இருந்தது.

பெரிய கடை மேனேஜர் திங்கட்கிழமை கூப்பிட்டார். "அக்கா, அந்த நீலக் கட்டில் ஃப்ரீ ஆயிடுச்சா? வேற பார்ட்டி ஒண்ணு..."

"அதை நீங்க கேக்காதீங்க" என்றாள். "அவங்களுக்கும் போன் போடாதீங்க. போட்டீங்கன்னா நான் கடைக்கே வந்துடுவேன்."

மேனேஜர் போடவில்லை.

மூன்று வாரம் கழித்து மகளே கூப்பிட்டாள். "கட்டிலை எடுத்துக்கோம்மா."

வேன்காரர் கழற்றினார். ஏற்றி முடித்துப் பார்த்தால் மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு வேனின் முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா வாசலில் நின்று, "போயிட்டு வரட்டும் சம்பந்தி. நாலு சுவத்தைப் பார்த்துட்டே எத்தனை நாள் கிடப்பா" என்றாள். வழி முழுக்க வேன்காரர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அது பெரிய காரியம்.

கடைக்குள் மகள் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. சுவரில் சாய்ந்து நின்ற கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கட்டில்காரம்மா வாளியில் பிளீச்சிங் கரைத்தாள். மகள் கேட்காமலே ஒரு துணியை எடுத்து நனைத்துக் கம்பிகளைத் துடைக்கத் தொடங்கினாள். நீலப் பெயின்ட் இரண்டு இடத்தில் உதிர்ந்து உள்ளே பழைய பெயின்ட் தெரிந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் கழுவினார்கள். வெயிலில் கட்டில் காய்ந்தது.

காய்ந்ததும் அதைப் பூட்டி நிறுத்திவிட்டுக் கட்டில்காரம்மா கிரீஸ் டப்பாவைத் திறந்தாள். மகள் காதில் அந்தச் சத்தம் இனி ஒருநாளும் விழவேண்டாம் என்று நினைத்தாள்.

"விடு" என்றாள் மகள். "இருக்கட்டும்."

டப்பாவை மூடும்போது வாசலில் ஒருவர் நின்றார். எழுபது வயதிருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தார். மனைவிக்குப் பக்கவாதம், நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள், பெரிய கடையில் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள் என்றார். "ரெண்டு பக்கமும் தூக்குறது வேணுமாம். இருக்குமா?"

கட்டில்காரம்மா மகளைப் பார்த்தாள். மகள் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்தக் கட்டில்தான்" என்றாள் அவரிடம். "இங்க வாங்க, காட்டுறேன். இந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. அவசரப்படாம, எண்ணிக்கிட்டே சுத்துங்க."

அவர் குனிந்து சுற்றினார். உதடு அசைந்தது. ஏழாவது சுற்றில் கட்டில் முனகியதும் கையை வெடுக்கென்று எடுத்தார்.

"பயப்படாதீங்க" என்றாள் மகள். "முனகுறது கட்டில்தான். ஆள் இல்ல."

பெரியவர் மறுபடியும் கைப்பிடியைப் பிடித்தார். "கெட்டுப் போச்சுன்னா யார்கிட்ட சொல்லணும்?"

"சொல்ல வேண்டாம். மூணாம் நாள் நட்டு இறுக்க வருவாங்க."

"யாரு?"

"எங்கம்மா."

கட்டில்காரம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். கட்டில் போவது நாளைக்கு, புதன். வெள்ளிக்கிழமை. துணிப்பையை ஆணியிலிருந்து எடுத்து, ஸ்பேனர் இருக்கிறதா என்று பார்த்தாள். பைக்குள் சுருட்டிய தையல் டேப் ஒன்று கிடந்தது. சம்பந்தி வீட்டுடையது. திருப்பிக் கொடுக்க மறந்திருந்தாள். வெளியே எடுத்தவள், மறுபடியும் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.